பஞ்சில்லாத ராட்டை

ஆற்றங்கரையில் நூல் ஆலை வந்தது. ஆற்றுத் தண்ணீரே அங்கே நூல் நூற்கும் ஆயிரம் கதிர்களைச் சுழற்றியது. லிடியாவும் தன் வீட்டு ராட்டையை விட்டுவிட்டு ஆலை வேலைக்குப் போனாள்.

"நாளைக்கு என்னை விறகுக்குப் பிளக்கப் போகிறார்களாம்" என்றது ராட்டை.

"ஐயோ அக்கா! உன் சத்தம் நின்றதிலிருந்து பாப்பா சரியாகத் தூங்குவதே இல்லை" என்றது பக்கத்திலிருந்த தொட்டில்.

சாயங்காலம் லிடியா ஓடிவந்தாள். பாப்பாவின் அழுகை எதற்கும் நிற்கவில்லை. கடைசியில் காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, கையால் வெறும் ராட்டையைப் பழையபடி சுற்றினாள். பாப்பா கண்ணை மூடியது.

"அந்தக் கோடாரியை உள்ளே வைத்துவிடுங்கள்" என்றாள், நாளைக்காகக் கோடாரியைத் தீட்டிக்கொண்டிருந்த கணவனிடம், மெதுவாக.

"பஞ்சே இல்லாமல் என்னத்தை அக்கா நூற்கிறாய்?" என்று சிரித்தது தொட்டில்.

"சத்தம் போடாதே, பாப்பா எழுந்துவிடப் போகிறது" என்றது ராட்டை.