இருபது நிமிட ஓட்டம்

2023 ஜூன் 11, உடுமலைப்பேட்டை. கல்யாணத்துக்குக் கொடுத்த காரில் டயர் காற்று குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிவதாக மருமகன் கவின்ராஜ் போனில் கத்தியதால், மாமனார் பொன்னுசாமி ஒட்டன்சத்திரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி, கால் பம்புடன் வந்து சேர்ந்தார். திருமணமாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் காற்றடித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து ரீசெட் பொத்தானைத் தடவித் தேடினார்.

கவின்ராஜ் பல் குத்தித் துப்பியது அவருடைய செருப்பின் மேல் விழுந்தது. “பழைய வண்டிக்குப் பாலிஷ் போட்டுத் தள்ளிட்டீங்களா மாமா?”

“வண்டியே இந்த லட்சணம்னா பொண்ணு எப்படியோ!” என்றாள் அவன் தாய்.

“இதோ ஆச்சுங்க சம்பந்தி” என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

பொத்தான் கிடைத்தது. விளக்கு மூன்று முறை மின்னி அணைந்தது.

மகள் மதுமிதா அந்தச் செருப்பைக் கழுவி அப்பாவின் காலடியில் வைத்தாள். காருடன் வந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கணவனிடம் சாவி கேட்டாள்.

“இருபது நிமிஷம் ஓட்டினாத்தான் புது அளவு பதிவாகுமாம். ஏறுங்கப்பா.”

“சீக்கிரம் வா, வெளியே போகணும்” என்று சாவியை எறிந்தான் கவின்ராஜ்.

மாலையில் கார் ஒட்டன்சத்திரத்தில், பொன்னுசாமி வீட்டு வாசலில் நின்றது. மஞ்சள் விளக்கு எரியவில்லை.