பல் முளைத்த வாரம்

"நான் அனுப்ப மாட்டேன், அண்ணி."

"பார்த்ததை அனுப்பறதுதான் உன் வேலை. அது..."

"அது நீங்க வெச்ச பொய்! எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? என் மூக்குல எழுதி ஒட்டியிருக்கா?"

"எங்க அண்ணனை ஏமாத்தின மாதிரி என்னை ஏமாத்த முடியாது."

"உங்க அண்ணனை நான் எதுக்கு ஏமாத்தணும்? அவரே ஏமாந்துக்குவார்."

அண்ணியும், அவளுக்குச் சின்னவளான நாத்தனாரும் ஒரே திரையின் முன்னால் நின்று ஒரே நேரத்தில் பேசினார்கள். இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். வேலையில் பழகி, பிறகுதான் உறவானவர்கள்.

திரையில் ஒரு வளைகோடு. எங்கோ ஒரு கோள் தன் சூரியனுக்குக் குறுக்கே போனபோது, அதன் காற்றுக்குள் நுழைந்து வந்த ஒளி. எந்த வாயு ஒளியைத் தின்றதோ, அதன் இடத்தில் ஒரு பள்ளம்.

ஆக்சிஜன் ஒன்று. மீத்தேன் ஒன்று.

"ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா ஒண்ணையொண்ணு தீர்த்துக்கட்டிடும். அப்பவும் இருக்குன்னா, அங்க எதுவோ மூச்சு விட்டுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். இவ்வளவு அழகா யாருக்குக் கிடைக்கும்? நீங்க வரைஞ்சாத்தான் கிடைக்கும்!"

அந்தக் கூடத்தின் வழக்கம் அப்படி. தொலைநோக்கியிலிருந்து வரும் ஒவ்வொரு தொகுப்பிலும், ஏதோ ஒரு கோளுக்கு, யாருக்கும் சொல்லாமல் அண்ணி ஒரு பொய்த் தடயத்தைக் கலந்து வைப்பாள். தேடுகிறவர்கள் தங்கள் கண்ணையே சோதித்துக்கொள்ளத்தான். கண்டவர் கண்டதை எல்லோருக்கும் அனுப்பிய பிறகே அண்ணி வாய் திறக்கலாம்.

போன வருடம் சின்னவள் துள்ளினாள், அழுதாள், அம்மாவுக்குக்கூடப் போன் போட்டுச் சொல்லிவிட்டு அனுப்பினாள். பொய். அன்றிலிருந்து அவள் பெயர் மீத்தேன். வாசல் காவலாளிகூட, "வாங்க மீத்தேன் மேடம்" என்றுதான் கதவைத் திறக்கிறார்.

"மத்த கோள் எல்லாத்தையும் சலிச்சுட்டேன். ஒண்ணுமே இல்லை. அப்ப இதுதானே உங்க கைவரிசை?"

அண்ணி உதட்டைச் சுழித்துச் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. இந்தத் தொகுப்பு வந்த வாரம் பூரா, பொண்ணுக்குப் பல்லு முளைக்குதுன்னு தூங்காம, காலுக்கு ஒரு செருப்பா மாட்டிக்கிட்டு வந்தீங்க. காப்பியில உப்பைப் போட்டுக் குடிச்சீங்க. அப்பவும் எனக்குக் குழி வெட்ட மட்டும் மறக்கலை பாருங்க!"

அண்ணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தாள் சின்னவள்.

அண்ணி தன் கணினிக்கு ஓடினாள். எதையோ தேடினாள். மறுபடியும் தேடினாள். திரும்பி வந்து விசைப்பலகையைச் சின்னவள் பக்கம் தள்ளினாள்.

"அனுப்பு."

"மாட்டேன்."

"அனுப்புடி!"

இத்தனை வருடத்தில் அண்ணி அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

"நாளையிலிருந்து அந்த விண்மீன் நம்ம சூரியனோட கூச்சத்துல மறைஞ்சிடும். இன்னிக்கே தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லணும். விட்டா மாசக்கணக்குல பார்க்க முடியாது. உன் காலைப் பிடிக்கறேன், அனுப்பு."

பொய்யையும் வைத்துவிட்டு இப்படி நடிக்கவும் செய்வார்களா? சின்னவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

ஆனாலும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பொய்யென்று தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாழாய்ப்போன நெஞ்சு, போன வருடமும் இப்படித்தான் அடித்தது.

"சரி. எல்லாருமாச் சேர்ந்து சிரிங்க!"

தட்டிவிட்டாள்.

பக்கத்து அறையில் கணினிகள் ஒவ்வொன்றாகச் சிணுங்கின. "மறுபடியும் மீத்தேன்!" என்று யாரோ கத்த, சிரிப்பு அலையாக எழுந்தது.

சின்னவள் இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள்.

"அனுப்பியாச்சு. இப்பவாவது வாயைத் திறங்க."

அண்ணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு மேலே கண்கள் நிறைந்திருந்தன. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

மெல்லக் கையை எடுத்தாள்.

"பல்லு முளைச்ச வாரம் நான் எதையும் வைக்கவே இல்லைடி. மறந்தே போயிட்டேன்."