கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

முதல் குத்திலேயே ரத்தம் வந்தது.

காலையிலிருந்து முப்பத்தொன்றாவது ஆள். முப்பத்தொரு பேருக்கும் முதல் குத்திலேயே.

"குத்துனதே தெரியலம்மா," என்றார் பெரியவர். அவர் எழுவதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

என் கை நடுங்கவில்லை. ஒன்பது நாளாக நடுங்கவில்லை.

அதற்கு முந்தைய நான்கு வருடமும் நடுங்கியது. ஊசியோடு நான் வருவதைப் பார்த்ததும் நோயாளிகள் சட்டைக் கையை இறக்கிவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரியை வரச் சொல்வார்கள். ரத்தம் எடுப்பதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது.

நடுக்கத்துக்குக் காரணம் வெள்ளை மாத்திரை. தலைக்குள் ஏறும் வேகத்தையும், பின்னாலேயே வரும் பாதாளத்தையும் பிடித்து நிறுத்துவதும் அதே மாத்திரைதான்.

போன வருடம் டாக்டர் அதற்குப் பதிலாக மஞ்சள் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கை நடுக்கம் நின்றது. கூடவே நானும் நின்றுபோனேன். "அம்மா, நீ முழிச்சுக்கிட்டே தூங்குறியா?" என்று மகள் கேட்டாள். இரண்டே மாதத்தில் வெள்ளைக்குத் திரும்பினேன்.

வெள்ளையா மஞ்சளா, யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்றார் டாக்டர். அவசரமில்லையாம். அவர் கையா நடுங்குகிறது?

நான் மூன்றாவது வழியைப் பிடித்தேன். ராத்திரி கணவர் பார்க்கத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மாத்திரையைக் குளியலறையில் துப்புவது.

ஒன்பது நாளில் உலகம் துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. மூன்று மணி நேரத் தூக்கம் போதும். இன்று காலை வந்ததும் சோதனைக் குழாய்களை மூடியின் நிறப்படி அடுக்கினேன். பிடிக்கவில்லை. உயரப்படி அடுக்கினேன். மறுபடியும் நிறப்படி. இடையில், காத்திருந்த ஒருவருடைய மகனுக்குப் பெண் பார்த்துத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன்.

பத்தரை மணிக்கு என் முறை.

மாதம் ஒருமுறை என் ரத்தத்திலும் மாத்திரையின் அளவு பார்க்க வேண்டும். முடிவுத் தாளைக் கணவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நான்கு வருடத்துக்கு முன்னால், இதே மாதிரி உலகம் பளபளத்த ஒரு மத்தியானம், கடலைக் காட்டுகிறேன் என்று மூன்று வயது மகளோடு ரயில் ஏறினேன். நடுவில் தண்ணீர் வாங்க நான் மட்டும் இறங்கினேன். அங்கே நின்றிருந்த இன்னொரு ரயில் எனக்குப் பிடித்துப் போனது. அதில் ஏறிவிட்டேன்.

மகள் கிடைக்க ஆறு மணி நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து அவளை என்னோடு தனியாக விடுவதில்லை. தொடர்ந்து ஆறு தாள் சரியாக இருந்தால், பள்ளியிலிருந்து நானே கூட்டி வரலாம் என்று பேச்சு. ஐந்து ஒட்டியாகிவிட்டது. ஆறாவது முடிவு மதியத்துக்குள் ஃபோனில் வந்துவிட்டால், இன்று மூன்றரைக்கே பள்ளி வாசலில் நிற்பேன்.

அதனால்தான் காலை ஏழு மணிக்கு வெள்ளை மாத்திரை இரண்டைச் சேர்த்து விழுங்கிவிட்டு வந்தேன்.

மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் இந்தச் சோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் அளவு கூட்டிப் பொய் சொல்லும். அப்படி வந்த எத்தனையோ பேரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். தொழில் தெரிந்தவள் என்றால் சும்மாவா?

ரத்தம் எடுக்கும் மற்ற இருவரும் வார்டுக்குப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மேசைராணி எழுந்து வந்தாள்.

மேசைராணி எங்கள் மேற்பார்வையாளர். என் வயதுதான். பட்டப்பெயர் நான் வைத்தது. பொறுப்பு கிடைத்த நாளிலிருந்து கணினியை விட்டு அசைந்ததில்லை. ஏசிக்குக் கீழே உட்கார்ந்து ஒப்பேற்றுகிறாள் என்று ஆள் ஆளாகப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

"கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்ட?" எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"நேத்து ராத்திரி பத்தரைக்கு." வாய் கூசாமல் சொன்னேன்.

கையில் பட்டையை இறுக்கிக் கட்டினாள். குத்தினாள். நரம்பு கிடைக்கவில்லை.

என் நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டே குத்தலாம். இரண்டாவது தடவையும் தவறவிட்டாள்.

கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். முழங்கையை விலாவோடு இறுக்கிவைத்திருந்தாள். சுண்டுவிரலை என் கையில் ஊன்றியிருந்தாள். அப்படியும் ஊசி முனை ஓரிடத்தில் நிற்கவில்லை.

விலாவில் முழங்கை, ஊன்றிய சுண்டுவிரல். நான்கு வருடம் நடுக்கத்தை மறைக்க நான் செய்தது அதைத்தான். உலகத்திலேயே நான் ஒருத்தி கண்டுபிடித்த வித்தை என்று நினைத்திருந்தேன்.

இவள் சுகத்துக்காக மேசைக்குப் போகவில்லை.

மூன்றாவது குத்தில் ரத்தம் ஏறியது. குழாய் நிரம்பும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ராத்திரி இல்ல," என்றேன். "காலையில ஏழு மணிக்கு. ரெண்டு. அதுக்கு முன்னாடி ஒம்பது நாளா ஒண்ணுமே இல்ல."

அவள் பஞ்சை வைத்து என் கையை மடக்கிவிட்டாள்.

"நான் ஒரு தடவை மூணு போட்டுட்டு வந்தேன்," என்றாள். "அளவு எகிறிப் போச்சு. அன்னிக்கே மாட்டிக்கிட்டேன்."

என் ரத்தம் இருந்த குழாயைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுக் கைகழுவப் போனாள்.

நான் ஃபோனை எடுத்தேன். இன்றைக்கும் பாப்பாவை நீங்களே கூட்டி வந்துவிடுங்கள் என்று கணவருக்குச் செய்தி அடித்தேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதற்காகத்தான் அழுதேன்.