பருந்துக் காவல்

"ஏங்க, செப்டம்பரே வந்தாச்சு. இப்பவாவது கூடு எங்க இருக்குன்னு சொல்லலாம்ல?"

"முட்டைத் திருடன் காதுக்கு எட்டிட்டா? குஞ்சு பறக்கிற வரைக்கும் பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாது. பறவை கிளப் சட்டம், ஐலீன்," என்றபடி கிளம்பினார் டெரிக்.

கோடை முழுக்கப் பருந்துக் கூட்டுக்கு அவர்தான் காவல். கூடக் காவலிருந்தவருக்கு வெங்காயம் ஆகாதாம். வெங்காயம் போடாமல் இன்னொரு சாண்ட்விச்சும் ஐலீன் தினமும் கட்டிக் கொடுத்தாள்.

அன்று மாலை, பறவை கிளப் கூட்டத்துக்குக் கேக்கோடு அவள் மட்டும் போனாள்.

"வாம்மா! டெரிக் எங்க? கோடை பூரா ஆளையே காணோமே?" என்றார் தலைவர்.

"காவல்லதான் இருக்கார். குஞ்சு இன்னும் பறக்கலையாமே?"

"எந்தக் குஞ்சு? இந்த வருஷம் பருந்து ஜோடி வரவே இல்லையேம்மா!"

மறுநாள் இரண்டு சாண்ட்விச்சிலும் வெங்காயம் இருந்தது.