அவருக்கு மட்டும் காபி இல்லை

"காபி தீர்ந்துபோச்சு மாமா."

நாச்சியார் இப்படிச் சொன்னதும் சுடலையம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது. தட்டில் ஒரு டம்ளர் காபி ஆவி பறக்க இருக்கிறதே! அதை அப்படியே உள்ளே கொண்டுபோன பெண், ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து மலைச்சாமி முன்னால் வைத்தாள்.

மாப்பிள்ளையைப் பெற்றவருக்கு வெறும் தண்ணீர்!

"என்ன பழக்கம்ட்டி இது?" பெண்ணின் சித்தி எல்லோர் முன்னாலும் அதட்டினாள். நாச்சியார் தலையைக் குனிந்துகொண்டாளே தவிர, வாய் திறக்கவில்லை.

"பொறவு சொல்லி அனுப்புறோம்" என்று சுடலையம்மாள் எழுந்துவிட்டாள்.

மகன் காசிராஜனுக்கு மில்லில் ஷிப்ட். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அதுவும் முடியாத உடம்போடு. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை பிறந்த கையோடு மலைச்சாமிக்கு மதுரையில் கிட்னிக் கல்லை எடுத்து, உள்ளே சின்னதாக ஒரு டியூப் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதை எடுக்கிறவரை ஒண்ணுக்கு அடிக்கடி வரும். போனாலோ கடுப்பு உயிர் போகும்.

"சம்பந்தம் பேசுற எடத்துல மூச்சு விடாத. சீக்காளிக் குடும்பம்பாக" என்று அவர் முன்பே சொல்லிவிட்டார்.

பஸ் நகர்ந்ததும் சுடலையம்மாள் பொரிந்தாள்.

"எம்புட்டுத் திமிரு! இவ நமக்கு வேண்டாங்க."

மலைச்சாமி ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"காபி வாரதுக்கு முந்தி கொல்லைக்குப் போனேன்ல? இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னதை அந்தப் புள்ள பாத்துட்டா. 'உள்ள டியூப் இருக்கா மாமா? எங்க பெரியப்பாவுக்கும் வச்சிருந்தாக, நான்தான் ஆஸ்பத்திரியில கூட இருந்தேன். அதை எடுக்கிற மட்டும் காபி குடிச்சா கடுப்பு கூடும். தண்ணியா குடிங்க'ன்னா. டாக்டரும் அதையேதான் சொன்னாரு. நான்தான் கேக்கல."

"காபி வேண்டாம்னு நீங்க சொல்ல வேண்டியதுதான?"

"வேண்டாம்னா பொண்ணு புடிக்கலைன்னு ஆயிருமேட்டி."

"சித்திக்காரி ஏசும்போதாவது அவ சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்டயும் சொல்லிராத தாயின்னு கேட்டுக்கிட்டேன். எம்பேரு கெடக் கூடாதுன்னு தன் பேரைக் கெடுத்துக்கிட்டா. நானும் வாயத் தொறக்காம உக்காந்துட்டேன்."

சுடலையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"கண்டக்டரு, வண்டிய நிப்பாட்டுங்க! எம் மருமக தலையில பூ வைக்காம வந்துட்டேன்."