கதவு எண் உட்பட

“பொம்பளைக்கு எதுக்கு சார் துப்பாக்கி?”

காலையிலிருந்து கலையரசனுக்கு வந்த போன்களில் பாதி இதே கேள்விதான்.

ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாக இலவசமாகப் போடப்படும் வாரப் பத்திரிகை அவருடையது. அவரே ஆசிரியர், அவரே நிருபர். டைப் அடிக்க ஷெர்லின் என்று ஒரு பெண். இந்த வாரம் முதல் பக்கத்தில், ‘உங்கள் தெருவில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் யார் யார்?’ என்று பெயர், தெரு, கதவு எண் உட்பட வெளியிட்டுவிட்டார். பட்டியல் எங்கே கிடைத்தது என்பதை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நகைக்கடைக்காரர், ரிட்டையர்டு ராணுவக்காரர் பெயர்களையெல்லாம் யாரும் சட்டை செய்யவில்லை. பட்டியலில் இருந்த ஒரே பெண், பெலிண்டா. ஊருக்கே அந்த ஒரு பெயரின் மேல்தான் கண்.

“பெரிய இடத்து சகவாசமா இருக்குமோ?” என்றார் ஒருவர்.

“அந்த அபார்ட்மென்ட்ல எங்க மச்சினி இருக்கா சார். அந்தம்மா யார்கிட்டயும் பேசாதாம், கதவையே திறக்காதாம். எனக்கு அப்பவே டவுட்டு” என்றார் இன்னொருவர். எப்பவே என்று அவர் சொல்லவில்லை.

கலையரசனுக்கும் ஆவல் தாங்கவில்லை.

“ஷெர்லின், அடுத்த வாரம் அந்தம்மாவைப் பத்தியே ஒரு கட்டுரை போட்டா எப்படி?”

ஷெர்லின் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு குரல்.

“உள்ள வரலாங்களா? என் பேர் பெலிண்டா.”

இருவரும் எழுந்தே நின்றுவிட்டார்கள். நாலு கண்ணும் நேராக அந்தப் பெண்மணியின் தோள் பைக்குப் போயின.

“பயப்படாதீங்க, துணிமணிதான். எலெக்‌ஷன் அறிவிச்சதும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லிட்டாங்களே. ரிசல்ட் வந்தப்புறம்தான் திருப்பித் தருவாங்க.”

“உட்காருங்கம்மா. நானே உங்களைப் பார்க்கணும்னு இருந்தேன். தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு எதுக்குங்க துப்பாக்கி?”

பெலிண்டா உட்கார்ந்தார்.

“மண்ணச்சநல்லூர்ல என் வீட்டுக்காரர் ரைஸ் மில்லுல சூப்பர்வைசரா இருந்தார். ஒரு தகராறுல வெட்டிட்டாங்க. என் கண்ணு முன்னாடி. நான் கோர்ட்ல சாட்சி சொன்னேன். ரெண்டு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. ஒருத்தன் மட்டும் வெளியில இருக்கான். ‘உன்னை விட மாட்டேன்’னு ஆள் விட்டுச் சொன்னான். அதனாலதான் லைசென்ஸ் கொடுத்தாங்க. அப்புறம் வீட்டை வித்துட்டு, சொந்தக்காரங்களுக்குக்கூடச் சொல்லாம இங்க வந்துட்டேன்.”

கலையரசன் பேனாவை மூடி வைத்தார்.

“இன்னிக்குக் காலையில அவன் உங்க பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு எங்க வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சிருக்கான். ‘துப்பாக்கி இப்ப ஸ்டேஷன்லதானே இருக்கும்?’னும் கேட்டானாம். நான் பின்பக்கமா வந்துட்டேன்.”

ஷெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. “போலீஸ்ல சொன்னீங்களா மேடம்?”

“சொல்லியாச்சும்மா. தேடறாங்க. அதுவரைக்கும் நான் எங்கயாவது இருந்தாகணுமே.”

“பேப்பரை வாட்ஸ்அப்லயும் போட்டிருக்கேன், அதை இப்பவே எடுத்துடறேங்க” என்றார் கலையரசன் அவசரமாக.

“அதை ஊர் பூரா படிச்சாச்சு சார். நான் வந்தது வேற விஷயத்துக்கு. புது இடத்துக்குப் போனா லைசென்ஸ்ல முகவரி மாத்தணும். மறுபடியும் உங்க கைக்குப் பட்டியல் வரும். அந்த முகவரியை மட்டும் போட்டுடாதீங்க. அதைக் கேட்டுக்கத்தான் வந்தேன்.”

கல்லும் கரையும். ஆனால் கலையரசன் பத்திரிகைக்காரர் ஆயிற்றே!

“உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா பக்கத்து வீட்டுல துப்பாக்கி இருக்கான்னு தெரிஞ்சுக்க ஜனங்களுக்கு உரிமை இருக்கா இல்லையா? இவங்க பேரை விட்டுடு, அவங்க பேரைப் போடுன்னு ஆரம்பிச்சா அது பத்திரிகையே இல்லை. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்.”

பெலிண்டா கொஞ்சம் யோசித்தார். சண்டைக்கு இழுக்கும் குரலில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அப்ப அந்தப் பொண்ணு பேரு எப்படி சார் விட்டுப்போச்சு?”

“எந்தப் பொண்ணு?”

“துப்பாக்கி ஒப்படைக்க வரிசையில நின்னப்ப எங்க ரெண்டு பேரைத் தவிர எல்லாம் ஆம்பளைங்க. அதனால பேசிக்கிட்டிருந்தோம். இங்க ஸ்கூல்ல பாட்டு டீச்சராம். பாவம், அவளும் யாருக்கோ பயந்துதான் வெச்சிருக்கா. பேப்பரைப் பார்த்ததும் என் பேருக்கு அடுத்து அவ பேரு இருக்கான்னுதான் தேடினேன். நல்லவேளை, இல்லை.”

“சுபா அக்காவா?” என்று ஷெர்லின் போட்டு உடைத்தாள். “சார், உங்க தங்கச்சி பேரை நான் டைப் அடிச்சிருந்தேனே! அது எப்படி சார் விட்டுப்போச்சு?”

கலையரசன் முறைத்தார். முறைத்து என்ன பிரயோஜனம்? வந்த வார்த்தை வந்ததுதான்.

“அவ புருஷன் மனுஷனே இல்லைம்மா” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “அவ இருக்கிற இடம் தெரிஞ்சா அடுத்த நிமிஷம் வந்து நிப்பான். அண்ணனா இருந்துக்கிட்டு, தெரிஞ்சே அவ கதவு எண்ணை நான் எப்படிங்க போடுவேன்?”

பெலிண்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“போடாம விட்டது ரொம்ப நல்லது சார். எனக்குத்தான் பத்திரிகை நடத்துற அண்ணன் இல்லாமப் போச்சு.”