வாசல் நிறையச் செருப்பு

"கோலம் வேண்டாம் மதினி," என்றான் பெருமாள்ராஜ்.

எதிர்வீட்டுக் கலைச்செல்விக்கு முகம் வாடிவிட்டது. பெருமாள்ராஜும் ஸ்னேகாவும் கொடைக்கானல் போய்வரும் வரைக்கும் தானே அவர்கள் வாசலைத் தெளித்துக் கோலம் போடுவதாக அவள் ஆசையாகச் சொல்லியிருந்தாள்.

"ஏன் தம்பி, நான் நல்லாத்தான போடுதேன்?"

"நல்லாத்தான் போடுதிய. ஆனா உங்க கை வேற, ஸ்னேகா கை வேற. நோட்டம் பாக்கவன் கண்டுபிடிச்சிருவான். வெறும் வாசலா கெடந்தா ஒண்ணும் தெரியாது."

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. தங்கை கல்யாணத்துக்குச் செய்யச் சொன்ன நகை அன்று சாயங்காலம்தான் கடையிலிருந்து வந்து பீரோவுக்குள் உட்கார்ந்திருந்தது. வங்கிக்குத் தொடர் விடுமுறை. நகையோடு பஸ் ஏறுவதை நினைத்தாலே அவனுக்கு வியர்த்தது. பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்றால், கல்யாணமாகி முதல்முறையாக வெளியூர் போகிற ஸ்னேகாவிடம் அதை யார் சொல்வது?

வாடகை வீடு வேறு. கதவில் இன்னொரு தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளட்டுமா என்று பெங்களூரில் இருக்கும் வீட்டுக்காரர் விஸ்வேஸ்வரனிடம் போனில் கேட்டதற்கு, அது பர்மா தேக்கு, ஒரு ஆணி இறங்கினாலும் அட்வான்சில் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டார். தட்டிப் பார்த்தாலே அது தேக்கில்லை என்று தெரியும். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியே பூட்டுத் தொங்காது என்பது மட்டும்தான் ஆறுதல்.

ஆகவே வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி காட்டியாக வேண்டும். பெருமாள்ராஜ் யோசித்து யோசித்து ஒரு திட்டம் போட்டிருந்தான்.

முதலில் செருப்பு. சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் பழைய செருப்பு வாங்கி ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்திருந்தான். அவற்றை வாசலில் வரிசையாக அடுக்கினான். தள்ளி நின்று பார்த்தான். திருப்தி இல்லை. காலாலேயே கலைத்துவிட்டான்.

"இது எதுக்குங்க இம்புட்டு?" என்றாள் ஸ்னேகா.

"ஒரு சோடி கெடந்தா எவன் பயப்படுவான்? இத பாத்தா உள்ள ஒரு கூட்டமே இருக்குன்னு ஓடிருவான்."

அடுத்து, மொட்டைமாடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து சுவரோரமாகப் போட்டான். பகலானாலும் அணையாதபடி வாசல் விளக்கைப் போட்டுவைத்தான். கடைசியாகப் பழைய போன் ஒன்றை எடுத்து, அதில் ஸ்னேகாவைப் பேசச் சொன்னான். சார்ஜரில் மாட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவதாகத் திட்டம்.

"நான் என்னத்த பேச?" ஸ்னேகாவுக்குக் கடுமையான ஜலதோஷம்.

"வீட்டுக்கு ஆளு வந்தா என்ன பேசுவியோ அதப் பேசு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வெறும் வயித்தோட இருக்காதீங்க... ஒரு வாய் காப்பியாவது குடிங்க," என்றாள். பெருமாள்ராஜ் பக்கத்தில் இருந்து தாழ்ந்த குரலில் "ம்... ம்..." என்றான். மறுபடி பதிவு செய்யலாம் என்றாள் ஸ்னேகா. இயல்பாக இருக்கிறது, இதுவே போதும் என்றுவிட்டான்.

கொடைக்கானலில் ஏரி, மலை, பனி எதுவும் அவன் கண்ணில் படவில்லை. படகில் போகும்போது, "சார்ஜர் வயரு கழண்டிருக்குமோ?" என்றான்.

"கழண்டா திருடனே மாட்டிவிடுவான். நீங்க துடுப்பப் போடுங்க," என்றாள் ஸ்னேகா.

ஊர் திரும்பிய அன்று காலையில் கட்டட வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. முந்தின நாள் திருச்செந்தூர் போய்விட்டுச் சற்றுமுன் வந்த கலைச்செல்வி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பூட்டுப் போட்டும் அவள் வீட்டை உடைத்து வெள்ளிக் குடத்தையும் மிக்சியையும் கொண்டுபோய்விட்டார்கள். மேல்மாடியில் பூட்டிக்கிடந்த வீட்டிலும் திருட்டு.

பெருமாள்ராஜ் ஒரே ஓட்டமாக மாடியேறினான். கதவில் ஒரு கீறல் இல்லை. செருப்புகள் அப்படியே கிடந்தன. உள்ளே ஸ்னேகாவின் குரல் இன்னும் காப்பி குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. பீரோவைத் திறந்தான். நகை பத்திரம்.

வெளியே வந்தபோதுதான் கதவுக் கைப்பிடியில் ஒரு ரோஜா மாலை தொங்குவதைக் கவனித்தான்.

"நம்ம கட்டடச் சங்கத்துச் செயலாளர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி போட்டிருப்பாரு. நம்ம திட்டத்தப் பாராட்டித்தான்," என்றான்.

"வாடிப்போயில்லா இருக்கு," என்றாள் ஸ்னேகா.

"அண்ணாச்சி மலிவாத்தான் வாங்குவாரு."

மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படம் எடுக்கச் சொன்னான். கட்டடத்து வாட்ஸாப் குழுவில் போட்டான். விஸ்வேஸ்வரனுக்கும் அனுப்பினான். பறிகொடுத்தவர்கள் வந்து யோசனை கேட்டபோது, மாலையைக் கழற்றாமலே வாசலில் நின்று, செருப்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் ஜீப் மறுபடி வந்தது. பஸ் ஸ்டாண்டில் மிக்சியோடு பிடிபட்ட திருடனை, உடைத்த வீடுகளை அடையாளம் காட்டச் சொல்லி சப்-இன்ஸ்பெக்டர் கூட்டிவந்தார். அவன் ஒழுங்காகக் காட்டினான். மிச்சமிருந்தது பெருமாள்ராஜ் வீடு மட்டும்தான்.

"ஏலே, இத மட்டும் ஏம்லே விட்ட?"

பெருமாள்ராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"துட்டி வீட்டுல எப்படி சார் கைவைக்க? நோட்டம் பாக்க வந்தன்னைக்கே பாத்தேன். வாசல்ல கோலம் இல்ல, பகல்லயும் வெளக்கு எரியுது, செருப்பும் நாற்காலியுமா கெடக்கு. உள்ள ஒரு பொம்பள அழுதுகிட்டே காப்பியாவது குடிங்கன்னு கெஞ்சுது. மனசு கேக்கல. மறுநா தொழிலுக்கு வரும்போது, செத்தவருக்குன்னு ஒரு மாலை வாங்கிட்டு வந்து கதவுல போட்டேன்," என்றவன், கழுத்தில் அதே மாலையோடு நின்ற பெருமாள்ராஜை அப்போதுதான் நன்றாகப் பார்த்துவிட்டு, மெல்லச் சப்-இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.